கஹால்: விழித்திரையை வரைந்த போர்க்கள வைத்தியர்

மர உத்தரம் ஒன்றைக் குடைந்து பீரங்கி செய்து, அயல்வீட்டுப் புதுப் படலையைச் சுட்டு ஓட்டை போட்ட பையனை ஊர்க் காவலர்கள் பிடித்துச் சில நாட்கள் சிறையில் வைத்தார்கள். அப்போது அவனுக்கு வயது 11. சந்தியாகோ ரமோன் இ கஹால் என்ற அந்தப் பையன் 1852 மே 1இல் ஸ்பெயினின் பெட்டில்லா என்ற மலைக்கிராமத்தில் பிறந்தவன்.

அவனுக்கு ஓவியனாக வேண்டும் என்பதே ஆசை. வைத்தியரான தந்தைக்கு அது பிடிக்கவில்லை. சவரக்கடையிலும் சப்பாத்துத் தைப்பவரிடமும் வேலைக்கு விட்டார். பிறகு பழைய மயானத்துக்குக் கூட்டிப்போய், அங்கு கிடந்த எலும்புகளைப் பொறுக்கி வரையச் சொன்னார். மகன் அங்கேதான் வழிக்கு வந்தான்.

1873இல் கஹால் வைத்தியரானார். மனுஷ அங்காதிபாதம் முதலிய மருத்துவ நூல்களைத் தமிழில் தந்த சாமுவேல் கிறீன் மானிப்பாயை விட்டுப் போனதும் அதே ஆண்டில்தான். மறு ஆண்டு இராணுவம் கஹாலைக் கியூபாவுக்கு அனுப்பியது. அங்கே ஸ்பெயின் ஆட்சிக்கு எதிரான போர் நடந்துகொண்டிருந்தது. சதுப்பு நிலத்துக்கு நடுவே இருந்த வைத்தியசாலைகளில் குண்டுபட்டு வந்தவர்களைவிட காய்ச்சலில் விழுந்தவர்களே அதிகம். அவரும் மலேரியாவில் விழுந்தார். நோயாளிகளின் உணவைத் திருடியவர்களோடு மோதினார். 1875இல் எலும்பும் தோலுமாக ஊர் திரும்பியவர், அந்தச் சம்பளத்தில் மிஞ்சிய காசில் நுணுக்குக்காட்டி ஒன்றை வாங்கினார்.

இத்தாலியரான கமிலோ கொல்ஜி வெள்ளி உப்பால் நரம்புக் கலங்களைக் கறுப்பாக்கும் முறையைக் கண்டுபிடித்து 14 ஆண்டுகள் கழித்து, 1887இல், கஹால் அதை மட்ரிட்டில் முதன்முதலில் பார்த்தார். நூற்றுக்கணக்கான கலங்களில் ஏதோ சில மட்டுமே அந்தச் சாயத்தை ஏற்கும். ஆனால் ஏற்றது வேரும் கிளையுமாக முழுதாகத் தெரியும். மூளையும் நரம்பும் ஒரே தொடர்வலை என்றே அன்று பலர் நம்பினார்கள், கொல்ஜியும் கூட. கலங்கள் தனித்தனியானவை, ஒன்றாக இணையாமலே செய்தி கடத்துகின்றன என்று கஹால் காட்டினார். 1888இல் அதை வெளியிடத் தன் கைக்காசில் சஞ்சிகை நடத்தினார். 1906இல் இருவருக்கும் நோபல் பரிசைப் பங்கிட்டுக் கொடுத்தபோதும் கொல்ஜி மேடையில் கஹாலின் கொள்கையைச் சாடினார்.

கஹாலுக்குப் பிரியமானது விழித்திரை. கண்ணுக்குள் வந்து குடியிருக்கும் மூளையின் துண்டாகவே அவர் அதைக் கண்டார். 1893இல் அதைப் பற்றிப் பெரிய நூல் எழுதினார். ஒளியை வாங்கும் கலங்கள், இடையில் இணைப்பவை, செய்தியை மூளைக்கு அனுப்பும் திரட்டுக் கலங்கள் என அவர் வரைந்த அடுக்குகள் இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கின்றன. ஓவியர் தோற்றுப்போகவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது.

பின்னர் வெட்டுண்ட நரம்பின் பக்கம் திரும்பினார். 1913, 1914இல் வந்த இரண்டு பாகங்களுக்கும் அச்சுச் செலவைக் கொடுத்தவர்கள் ஆர்ஜென்டினாவில் குடியேறியிருந்த ஸ்பானிய வைத்தியர்கள். புலம்பெயர்ந்தோர் காசின் அருமை நமக்குத் தெரியாததல்ல. கை கால் நரம்பு மீண்டும் வளர்கிறது, மூளை நரம்பும் பார்வை நரம்பும் தளிர்விட்டு நின்றுவிடுகின்றன என்று அவற்றில் எழுதினார். வளரும் நாரை இழுத்துப்போகும் இரசாயனப் பொருள் ஒன்று இருக்கவேண்டும் என்பதும் அவருடைய ஊகம். அவருடைய மாணவர் தெல்லோ, வெட்டிய பார்வை நரம்புக்குள் கால் நரம்புத் துண்டை வைத்தார். சில நார்கள் அதற்குள் வளர்ந்தன.

தலையில் பலமான அடிபட்ட சிலருக்குக் கண் வெளியே பழுதின்றி இருக்க, பார்வை போய்விடுவது ஏன் என்பதற்கு விடை இந்த வழியில்தான் கிடைத்தது. அடி விழுவது நரம்பில், சாவு நடப்பது விழித்திரையில். மூளையிலிருந்து நார் வழியாக வரும் ஊட்டப் புரதம் நின்றுபோகிறது. குளுட்டமேட் என்ற செய்திப் பொருள் மிஞ்சிக் கலத்துக்குள் கல்சியத்தை வெள்ளமாக விடுகிறது. தன்னையே அழிக்கும் நொதியங்கள் விழித்துக்கொள்கின்றன. தாங்கிநிற்கும் முல்லர் கலங்கள் தழும்புப் புரதத்தைக் கூடுதலாக ஆக்குகின்றன. எலியில் கண்ணுக்கருகே நரம்பை வெட்டினால் இரண்டு வாரத்துக்குள் பெரும்பாலான திரட்டுக் கலங்கள் இறந்துவிடும். ஒளியை வாங்கும் கலங்களோ உயிரோடிருக்கும்.

1934 அக்டோபர் 17இல் கஹால் மட்ரிட்டில் இறந்தார். இரண்டே ஆண்டில் ஸ்பெயினில் உள்நாட்டுப் போர் மூண்டது. போர் முடிந்ததும் தெல்லோவைப் பதவியிலிருந்து விலக்கினார்கள். இன்னொரு மாணவர் ரியோ ஓர்த்தேகா நாட்டைவிட்டுப் போய், 1945இல் புவனஸ் அயர்ஸில் இறந்தார். தெல்லோவின் சோதனையை 1980களில் மொன்றியலில் அல்பேர்ட்டோ அகுவாயோவின் குழு திரும்பச் செய்து, விழித்திரைக் கலங்கள் கால் நரம்பு வழியாக நீண்ட தூரம் வளர்வதை உறுதிப்படுத்தியது.

மனிதரில் செத்த பார்வை நரம்பை வளர்க்கும் சிகிச்சை இன்னும் இல்லை. கண்ணழுத்த நோயில் சாவதும் இதே திரட்டுக் கலங்கள்தான், ஆனால் அங்கே சாவு மெதுவாக நடக்கிறது. சொட்டு மருந்து அழுத்தத்தைக் குறைத்து மிஞ்சியவற்றைக் காக்கும், போனதைத் திருப்பித் தராது. பார்வை தெளியவில்லையே என்று அதை இடையில் நிறுத்தக்கூடாது. நெடுந்தீவிலோ நயினாதீவிலோ இருந்து கிளினிக்குக்குப் போகிறவர்கள், கடல் கொந்தளித்துப் படகு ஓடாத நாட்களுக்கும் சேர்த்து மருந்து தரும்படி முன்கூட்டியே கேட்டு வாங்கிவைக்கலாம்.