புழுங்கலரிசியும் மருத்துவர் பிளெட்சரும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவை அச்சுறுத்திய நோய்களுள் ஒன்று பெரிபெரி. இந்நோய் கண்டவர்களின் கால்கள் மரத்துப்போகும், உடல் வீங்கும், இறுதியில் இதயம் செயலிழக்கும். நோய்க்கான காரணம் அப்போது யாருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. அதனைக் கண்டறியக் கோலாலம்பூரில் முயன்றவர்களுள் ஒருவர் மருத்துவர் வில்லியம் பிளெட்சர்.

ஈயச் சுரங்கங்களில் வேலை செய்த சீனத் தொழிலாளர் பலர் பெரிபெரிக்குப் பலியாயினர். ஆனால், கிள்ளான் போன்ற இடங்களில் தோட்ட வேலை செய்த தமிழரிடையே இந்நோய் அரிதாகவே காணப்பட்டது. சீனர்கள் நன்கு தீட்டிய சயாம் பச்சரிசியை உண்டனர். தமிழர்களோ புழுங்கலரிசியை உண்டனர். இந்த வேறுபாட்டைக் கவனித்த மருத்துவர் பிராடன், நோய்க்கு அரிசியே காரணம் என்றார். மருத்துவர் பலர் அதனை ஏற்கவில்லை.

1905ஆம் ஆண்டில் கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் இருந்த 219 நோயாளிகளுள் 94 பேரைப் பெரிபெரி தாக்கியது. 27 பேர் இறந்தனர். அங்குப் பொறுப்பில் இருந்த பிளெட்சர், பிராடனின் கருத்தைச் சோதித்துப் பார்க்க முடிவு செய்தார். டிசம்பர் மாதத்தில் நோயாளிகளை வரிசையாக நிறுத்தி எண்ணச் செய்தார். ஒற்றைப்படை எண் பெற்றவர்களுக்குப் பச்சரிசியும் இரட்டைப்படை எண் பெற்றவர்களுக்குப் புழுங்கலரிசியும் வழங்கப்பட்டன. தங்கும் இடமே நோயைத் தருகிறதோ என்ற ஐயம் எழாதிருக்க, பின்னர் இரு பிரிவினரையும் இடம் மாற்றினார்.

பச்சரிசி உண்ட 120 பேரில் 36 பேருக்கு நோய் கண்டது. 18 பேர் மாண்டனர். புழுங்கலரிசி உண்ட 123 பேரில் இருவருக்கு மட்டுமே நோய் இருந்தது. அவ்விருவரும் நோயுடனேயே மருத்துவமனைக்கு வந்தவர்கள். அப்பிரிவில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. நோயாளிகளின் இசைவின்றி இத்தகைய ஆய்வை நடத்த இன்றைய மருத்துவ நெறி இடந்தராது. எனினும், அந்தப் பதினெட்டு உயிர்களின் இழப்பு உணர்த்திய உண்மை பின்னர் எண்ணற்றோரைக் காத்தது.

பச்சரிசியில் நஞ்சு உள்ளதா, அல்லது ஏதேனும் ஒரு சத்து குறைகிறதா என்பதைப் பிளெட்சரால் உறுதிப்படுத்த இயலவில்லை. பிற்கால ஆய்வுகள் விடை தந்தன. அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு வைட்டமின் பி1 நீங்கிவிடுகிறது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போதோ, அச்சத்தின் ஒரு பகுதி அரிசிக்குள் ஊடுருவித் தங்கிவிடுகிறது.

உடலில் நிகழும் வேதிவினைகளை நொதிகள் விரைவுபடுத்துகின்றன. நொதியின் அளவும் வெப்பநிலையும் வினையின் வேகத்தை மாற்றும். ஆயினும், சில நொதிகளுக்குத் துணைப்பொருளும் தேவை. உணவிலிருந்து ஆற்றலைப் பெற உதவும் சில நொதிகளுக்கு வைட்டமின் பி1இலிருந்து உருவாகும் பொருளே துணை. உடலில் நொதியும் 37 பாகை செல்சியஸ் வெப்பமும் இருந்தாலும், அத்துணை குறைந்தால் வினை தளர்ந்துவிடும். அப்போது மிகுந்த ஆற்றல் தேவைப்படும் நரம்புகளும் இதயமும் சோர்வடைகின்றன.

பிளெட்சர் பின்னர் கோலாலம்பூர் மருத்துவ ஆய்வுக் கழகத்தில் பணியாற்றி, வெப்பமண்டலக் காய்ச்சல்கள் பலவற்றை ஆராய்ந்தார். ஒரு கருத்தை உடனே நம்பாமலும் உடனே ஒதுக்காமலும் சோதித்துப் பார்த்ததே அவர் மருத்துவ உலகுக்கு விட்டுச் சென்ற சிறந்த பாடமாகும்.