39 வயதில் சினிமா படிக்கப்போன கூலித் தொழிலாளி... மாஸ்கோவிலிருந்து என்ன கொண்டுவந்தார் தெரியுமா?

வெளிநாட்டுக்குப் போய் ஃபிலிம் மேக்கிங் படிக்கணும் என்று ஆசையா உங்களுக்கு? ராத்திரி 12 மணிக்கு மொபைலில் கல்லூரிகளின் கட்டண விவரத்தைப் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு ஸ்கிரீனை அணைத்திருக்கிறீர்களா? வயசு 25 தாண்டிடுச்சே, டிகிரி வேற ஏதோ படிச்சிட்டோமே, இனிமே எங்கே என்று உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொண்டிருக்கிறீர்களா?

அப்படியென்றால் உஸ்மான் செம்பேனின் கதையை நீங்கள் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ளணும்.

மேற்கு ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக்காரர். ஆப்பிரிக்க சினிமாவின் தந்தை என்று உலகம் கொண்டாடும் இயக்குநர். ஆனால், சினிமா படிக்க அவர் விமானம் ஏறியபோது வயது 39. பள்ளிக்கூடத்தை விட்டு வந்தே கால் நூற்றாண்டு ஆகியிருந்தது. இடையில் அவர் செய்த வேலைகளைக் கேட்டால் தலை சுற்றும்.

மீனவர் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை!

1923-ல் செனகலின் தெற்கே, கஸமான்ஸ் பகுதியிலுள்ள ஜிகன்ஷோர் என்ற ஊரில் பிறந்தார் செம்பேன். அப்போது அது பிரெஞ்சுக் காலனி. அப்பா மீனவர். செம்பேன் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்ந்தார். ஆனால், பதின்வயதின் தொடக்கத்திலேயே தலைமை ஆசிரியரோடு தகராறு. அவர் கை ஓங்க, பையனும் பதிலுக்குக் கை ஓங்க, பள்ளிக் கதவு மூடிக்கொண்டது. அதன்பின் அவர் எந்தப் பள்ளிக்கும் திரும்பவில்லை.

சரி, அப்பாவோடு மீன்பிடிக்கப் போகலாம் என்று பார்த்தால், படகில் ஏறினாலே தலைசுற்றலும் வாந்தியும். மீனவர் மகனுக்குக் கடல் ஒத்துக்கொள்ளவில்லை! தலைநகர் டக்காருக்கு அனுப்பிவைத்தார்கள். அங்கே கொத்தனார் வேலை, மெக்கானிக் வேலை என்று கிடைத்ததையெல்லாம் செய்தார். 1944-ல் பிரெஞ்சுக் காலனிப் படையில் சேர்க்கப்பட்டு, நைஜரில் லாரி ஓட்டினார்.

போர் முடிந்தது. ஊரில் வேலை இல்லை. 1947-ல் டிக்கெட் இல்லாமல் கப்பலில் ஒளிந்துகொண்டு பிரான்ஸுக்குப் போய்ச் சேர்ந்தார். பாரிஸில் சிட்ரோயன் கார் தொழிற்சாலையில் கொஞ்ச காலம். பிறகு மார்செய் துறைமுகத்தில் மூட்டை தூக்கும் கூலி வேலை. இதுதான் அவர் முதல் வெளிநாட்டு வாழ்க்கை. விசா இல்லை, ஸ்காலர்ஷிப் இல்லை, முதுகு மட்டும்தான் மூலதனம்.

உடைந்த முதுகும் ஒரு நூலகமும்

அந்த முதுகும் ஒருநாள் உடைந்தது. 1951-ல் கப்பலிலிருந்து சரக்கு இறக்கும்போது நடந்த விபத்தில் முதுகெலும்பு முறிந்து, மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்.

நம்மில் பலர் உடைந்துபோகிற இடம் இது. செம்பேன் படிக்க ஆரம்பித்தார். துறைமுகத் தொழிற்சங்கத்தில் ஒரு நூலகம் இருந்தது. அங்கிருந்த புத்தகங்களை ஒவ்வொன்றாக வாசித்துத் தள்ளினார். அமெரிக்காவின் ரிச்சர்ட் ரைட், ஜமைக்காவின் கிளாட் மெக்கே என்று கறுப்பின எழுத்தாளர்கள் அவருக்கு அறிமுகமானது அப்படித்தான். தொழிற்சங்கப் போராட்டங்களிலும் நின்றார். பிரான்ஸ் வியட்நாமில் நடத்திய போருக்கு ஆயுதம் ஏற்ற மாட்டோம் என்று மார்செய் தொழிலாளர்கள் மறுத்தபோது அவர்களில் அவரும் ஒருவர்.

வாசித்தவருக்கு ஒரு விஷயம் உறுத்தியது. ஆப்பிரிக்காவைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. மூட்டை தூக்கும் ஆப்பிரிக்கன் அவற்றில் இல்லை. அதனால் அவரே எழுதினார். 1956-ல் வெளிவந்த முதல் நாவலின் பெயரே ‘கறுப்புத் துறைமுகத் தொழிலாளி’ என்றுதான் பொருள்படும். 1960-ல் வந்த ‘கடவுளின் மரத்துண்டுகள்’, 1947-ல் தொடங்கிய டக்கார் - நைஜர் ரயில்வே தொழிலாளர் வேலைநிறுத்தத்தைச் சொல்லும் நாவல். இன்றும் ஆப்பிரிக்க இலக்கியத்தின் பெரும்படைப்புகளில் ஒன்று.

கூலித் தொழிலாளி எழுத்தாளர் ஆகிவிட்டார். பிரான்ஸில் பெயர் கிடைத்தாச்சு. கதை இங்கே முடிந்திருக்கலாம். முடியவில்லை.

யார் படிப்பார்கள்?

1960-ல் செனகல் விடுதலை பெற்றது. செம்பேன் ஊர் திரும்பினார். ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றைச் சுற்றிப்பார்த்தார். அப்போதுதான் அந்தக் கேள்வி அவரைக் குடைந்தது. நாவல்களைப் பிரெஞ்சில் எழுதுகிறேன். யாரைப் பற்றி எழுதுகிறேனோ, அந்த ரயில்வே தொழிலாளிக்கும் மீன் விற்கும் அம்மாவுக்கும் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது. அப்புறம் யாருக்காக இவ்வளவும்?

யோசிச்சுப் பாருங்க. புத்தகம் வந்து, பாராட்டு வந்து, 40 வயதை நெருங்கும்போது இப்படி ஒரு கேள்வியைத் தன்னிடமே கேட்க எவ்வளவு துணிச்சல் வேண்டும்? வாசிக்கத் தெரியாதவர்களும் பார்க்கலாம், கேட்கலாம் என்பதால் சினிமாதான் வழி என்று முடிவெடுத்தார். சினிமாவை மக்களுக்கான இரவுப் பள்ளியாகவே அவர் கடைசிவரை நினைத்தார்.

ஆனால், சினிமா எடுக்கத் தெரியாதே! ஊரில் கற்றுக்கொள்ளவும் வழி இல்லை. அதற்குக் காரணம் உண்டு. 1934-ல் பிரான்ஸ் கொண்டுவந்த ஓர் ஆணைப்படி, அதன் ஆப்பிரிக்கக் காலனிகளில் யார் படமெடுத்தாலும் அரசின் அனுமதி வேண்டும். ஆப்பிரிக்கர்களுக்கு அந்த அனுமதி எட்டாக்கனி.

செம்பேனுக்கு முன்னால் ஒருவர் இதில் அடிபட்டிருந்தார். பெயர் போலான் வியேரா. இன்றைய பெனின் நாட்டில் பிறந்தவர். பாரிஸின் புகழ்பெற்ற சினிமாக் கல்லூரியில் முறைப்படி படித்து முடித்த முதல் ஆப்பிரிக்கர்களில் ஒருவர். படிப்பு முடிந்தும் சொந்த மண்ணில் கேமராவைத் திறக்க முடியவில்லை. அதனால் அவரும் நண்பர்களும் 1955-ல் பாரிஸில் வாழும் ஆப்பிரிக்கர்களையே படமாக்கினார்கள். கையில் டிகிரி இருக்கிறது, எடுக்க ஊர் இல்லை. வெளிநாட்டில் படித்த மாணவனுக்கு இதைவிடப் பெரிய கொடுமை வேறென்ன?

மாஸ்கோவில் ஒரு ‘சீனியர்’ மாணவர்

அந்தக் காலத்தில் சோவியத் ரஷ்யா, புதிதாக விடுதலை பெற்ற நாடுகளின் இளைஞர்களை உதவித்தொகை கொடுத்து வரவேற்றுக்கொண்டிருந்தது. பனிப்போர் அரசியல் அதற்குப் பின்னால் இருந்தது உண்மைதான். ஆனாலும் அந்தக் கதவு வழியாக உள்ளே போனவர்கள் சாதாரணமானவர்கள் இல்லை. மாலி நாட்டின் சுலைமான் சிஸ்ஸே, பின்னாளில் மொரிட்டேனியாவின் அப்துர்ரஹ்மான் சிஸாக்கோ போன்ற பெரிய இயக்குநர்கள் எல்லோரும் மாஸ்கோவில் படித்தவர்கள்தான்.

செம்பேன் 1962-ல் போய்ச் சேர்ந்தார். இடம், மாஸ்கோவின் கார்க்கி ஸ்டுடியோ. வெயிலும் கடற்காற்றும் பழகிய உடம்பு, உறையும் குளிர். ரஷ்ய மொழி புதிது. மாணவர் என்று சொல்லிக்கொள்ளத் தயங்குகிற வயது. ஆனாலும் உட்கார்ந்து கற்றுக்கொண்டார்.

அவருக்கு வாய்த்த குரு மார்க் தோன்ஸ்கோய். நம் ஊர் வீடுகளில் ‘தாய்’ நாவல் இருக்கும் இல்லையா, அந்த மக்ஸிம் கார்க்கியின் வாழ்க்கையை 1938 முதல் 1940 வரை மூன்று படங்களாக எடுத்தவர் இவர். மூன்றாவது படத்தின் பெயர் ‘எனது பல்கலைக்கழகங்கள்’. பல்கலைக்கழகத்தில் சேர ஆசைப்பட்டு, இடம் கிடைக்காமல், கூலி வேலைகளிலும் தெருக்களிலும் பாடம் படித்த கார்க்கியின் கதை. அப்படிப்பட்ட படத்தை எடுத்தவரிடம், துறைமுகத்தில் மூட்டை தூக்கிவிட்டு வந்த ஒருவர் மாணவராகச் சேர்ந்தால் எப்படி இருந்திருக்கும்!

பல வருடப் படிப்பெல்லாம் இல்லை. சுமார் ஒரு வருடப் பயிற்சிதான். அதை முடித்துக்கொண்டு 1963-ல் ஊர் திரும்பினார். கையில் ஒரு பழைய சோவியத் கேமரா. அவ்வளவுதான்.

20 நிமிடத்தில் ஒரு நகரம்

மாஸ்கோவில் படித்தவர் முதலில் எதை எடுத்தார்? டக்கார் தெருவில் குதிரை வண்டி ஓட்டும் ஒருவரின் ஒருநாள் வாழ்க்கையை.

படத்தின் பெயர் ‘போரோம் சாரெட்’. சுமார் 20 நிமிடம், கறுப்பு வெள்ளை. குரல்களெல்லாம் பிறகு சேர்க்கப்பட்டவை. வண்டிக்காரர் காலையில் கிளம்புகிறார். ஏறுபவர்கள் பலர் காசு கொடுப்பதில்லை. அவர் முன்னோர்களின் பெருமையைப் பாடும் ஒருவனிடம் மயங்கி, சம்பாதித்ததையும் கொடுத்துவிடுகிறார். நன்றாக உடுத்திய ஒருவர், வண்டிகளுக்கு அனுமதியில்லாத பணக்காரப் பகுதிக்குப் போகச் சொல்கிறார். அங்கே போலீஸ்காரர் வண்டியைப் பறிமுதல் செய்கிறார். வண்டிக்காரரின் பதக்கம் கீழே விழ, அதன்மேல் போலீஸ்காரரின் பூட்ஸ் கால். சவாரி வந்தவர் காசு கொடுக்காமல் நழுவிவிடுகிறார். வெறுங்கையோடு வீடு திரும்பினால், மனைவி குழந்தையை அவரிடம் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுக்கு வழி தேடி வெளியே கிளம்புகிறாள். படம் முடிந்தது.

நாடு விடுதலை அடைந்து மூன்றே வருடம். வெள்ளைக்காரன் போய்விட்டான், வண்டிக்காரனின் வாழ்க்கை மாறவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன படம். காலனிப் படையில் லாரி ஓட்டியவருக்கு அந்தப் பதக்கத்தின் மதிப்பும் தெரியும், அவமானமும் தெரியும். இந்த ஷாட்டை எந்தக் கல்லூரியும் சொல்லிக்கொடுத்திருக்காது. அதை எப்படிப் படமாக்குவது என்பதைத்தான் மாஸ்கோ சொல்லிக்கொடுத்தது.

அடுத்து 1966-ல் ‘பிளாக் கேர்ள்’. சுமார் ஒரு மணி நேரப் படம். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை என்று நம்பி டக்காரிலிருந்து பிரான்ஸுக்குப் போகும் துவானா என்ற இளம்பெண், அங்கே சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே அடைபட்டுப்போகிறாள். பிரான்ஸ் என்றால் அவளுக்கு அந்த வீட்டுச் சுவர்கள் மட்டும்தான். இந்தப் படத்துக்கு பிரான்ஸிலேயே ழான் விகோ விருது கிடைத்தது. தயாரிப்பில் துணை நின்றவர் யார் தெரியுமா? ஊரில் படமெடுக்க முடியாமல் தவித்த அதே போலான் வியேரா.

வோலோஃப் பேசிய சினிமா

இங்கேயும் ஓர் உறுத்தல் பாக்கி இருந்தது. இந்தப் படங்கள் பேசியது பிரெஞ்சு. யாருக்காக சினிமாவுக்கு வந்தாரோ, அவர்கள் வீட்டில் பேசுவது வோலோஃப்.

1968-ல் ‘மந்தாபி’ வந்தது. பாரிஸில் வேலை பார்க்கும் உறவுக்காரப் பையன் மணியார்டர் அனுப்புகிறான். அதை வாங்கணும் என்றால் அடையாள அட்டை வேண்டும். அடையாள அட்டைக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். ஃபோட்டோ வேண்டும். ஒவ்வொரு கவுன்டரிலும் அலைக்கழிப்பு. அதற்குள் கடன் கேட்டு ஊரே வாசலில். அரசு அலுவலகத்தில் ஒரு தடவையாவது வரிசையில் நின்றவர்களுக்கு இந்தப் படம் சிரிப்பும் வரவைக்கும், வயிற்றெரிச்சலும் வரவைக்கும். முக்கியமான விஷயம், பாத்திரங்கள் பேசியது வோலோஃப். ஆப்பிரிக்க மொழியில் வந்த முதல் முழுநீளப் படங்களில் ஒன்று. வெனிஸ் விழாவில் விருதும் வாங்கியது. தன் படங்களைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் போய்த் திரையிட்டு, மக்களோடு உட்கார்ந்து பேசினார் செம்பேன்.

இந்தப் பிடிவாதத்துக்கு விலையும் கொடுத்தார். 1977-ல் எடுத்த ‘செட்டோ’ படத்தை செனகல் அரசு தடை செய்தது. சொன்ன காரணம் என்ன தெரியுமா? தலைப்பில் ‘டி’ எழுத்து ஒன்றுதான் வர வேண்டும், செம்பேன் இரண்டு போட்டுவிட்டார் என்பது! அன்றைய அதிபர் செங்கோர் உலகறிந்த கவிஞர். எழுத்தைத் திருத்தியிருந்தால் பிரச்னை முடிந்திருக்கலாம். என் மொழியை எப்படி எழுதணும் என்று எனக்குத் தெரியும் என்பதுபோல செம்பேன் மறுத்துவிட்டார். படம் பல வருடம் சொந்த நாட்டில் திரைக்கு வரவில்லை. அவரோ தன் வீட்டுக்கே அந்தப் படத்தின் பெயரை வைத்துக்கொண்டார்.

1988-ல், சம்பள பாக்கி கேட்ட ஆப்பிரிக்க வீரர்களை 1944-ல் பிரெஞ்சு ராணுவமே சுட்டுக்கொன்ற சம்பவத்தை, தியர்னோ ஃபாத்தி சோவுடன் சேர்ந்து ‘கேம்ப் தியரோய்’ என்று படமாக்கினார். 2004-ல், 81 வயதில், பெண்ணுறுப்புச் சிதைப்புக் கொடுமையிலிருந்து சிறுமிகளைக் காப்பாற்றும் ஒரு கிராமத்துப் பெண்ணைப் பற்றி ‘மூலாடே’ எடுத்து கான் விழாவில் விருது வாங்கினார். 2007 ஜூன் 9-ல் டக்காரில் காலமானார்.

நீங்கள் அப்ளை பண்ணுவதற்கு முன்...

வெளிநாட்டில் படிப்பது வீண் என்று இந்தக் கதை சொல்லவில்லை. அந்த ஒரு வருடம் இல்லையென்றால் செம்பேன் நல்ல நாவலாசிரியராக மட்டும் இருந்திருப்பார். ஆனால், மாஸ்கோவுக்குப் போகும்போதே யாருக்குப் படம் காட்டப்போகிறோம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. அதனால்தான் சின்னப் படிப்பும் பழைய கேமராவும் அவருக்குப் போதுமாக இருந்தன.

வெளிநாட்டுக் கல்லூரிக்கு எஸ்.ஓ.பி எழுத உட்காரும்போது, எனக்கு ஏன் சினிமா பிடிக்கும் என்று ரெண்டு பக்கம் எழுதிவிடுவீர்கள். அதோடு ஒரு வரி சேர்த்து எழுதிப் பாருங்க. என் படத்தை முதலில் யார் பார்க்கணும்? எதிர்வீட்டு அக்காவா, பஸ் ஸ்டாண்டில் பூ விற்கும் பாட்டியா, ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவா? கல்லூரிக்கு அனுப்பாவிட்டாலும் பரவாயில்லை. அந்த வரியை எழுதி மொபைலில் பத்திரமா வெச்சுக்கோங்க. விசா வரும் வரைக்கும், அந்த மொபைலிலேயே முதல் படத்தை ஆரம்பிச்சிடலாம்!