தொலைக்காட்சி கண்ட பெயர்டு

ஸ்காட்லாந்து நாட்டின் மேற்குப் பகுதியில் ஹெலன்ஸ்பரோ என்னும் கடலோர ஊர் உள்ளது. அவ்வூரில் 1888-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 13-ஆம் நாள் ஜான் லோகி பெயர்டு பிறந்தார். அவர் தந்தையார் கிறித்தவ சமய குரு. பெயர்டு இளமை முதலே நோயால் நலிந்தார். ஆயினும் அவர் அறிவு ஓய்ந்திருக்கவில்லை. பள்ளியிற் பயிலும்போதே தம் வீட்டிலிருந்து நண்பர் வீடுகளுக்குக் கம்பி இழுத்துத் தொலைபேசி அமைத்தார்.

கிளாஸ்கோவில் மின்பொறியியல் கற்ற பெயர்டு, ஒரு மின்சார நிறுவனத்திற் பணியாற்றினார். பின்னர்க் காலுறை விற்றார். டிரினிடாட் தீவிற்குச் சென்று பழப்பாகு காய்ச்சினார். சோப்பு வாணிகமும் செய்தார். நோய் அவரை எத்தொழிலிலும் நிலைக்கவிடவில்லை.

1923-ஆம் ஆண்டில் உடல்நலம் நாடி ஹேஸ்டிங்ஸ் என்னும் கடற்கரை நகரை அடைந்தார். வானொலி ஒலியைக் கொண்டு செல்வதுபோல உருவத்தையும் கொண்டு செல்ல வேண்டும் என்ற எண்ணம் அங்கே அவரை ஆட்கொண்டது. கையிற் பொருளில்லை. தேயிலைப் பெட்டி, தொப்பிப் பெட்டி, ஊசிகள், மிதிவண்டி விளக்கின் கண்ணாடி வில்லை, அரக்கு ஆகியவற்றைக் கொண்டே கருவி அமைத்தார். துளைகளிட்ட வட்டத்தகடு ஒன்று சுழன்று, உருவத்தைக் கோடு கோடாகப் பகுத்தது. அக்கோடுகளின் ஒளியும் நிழலும் மின்னோட்டமாக மாறிச் சென்றன. மறுமுனையில் மற்றொரு தகடு அதே வேகத்தில் சுழன்று, அவற்றை மீண்டும் உருவமாக்கிற்று. 1926-ஆம் ஆண்டு ஜனவரி 26-ஆம் நாள், இலண்டனில் ஒரு மாடியறையில், அறிஞர்கள் முன்னிலையில் பெயர்டு தம் கருவியை இயக்கிக் காட்டினார்.

முகம் தெரிந்தாற் போதுமா? அதனால் ஒரு கதை சொல்ல இயலுமா? இவ்வினாவிற்கு 1930-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் நாள் விடை கிடைத்தது. அன்று பெயர்டின் நிறுவனமும் பி.பி.சி. வானொலி நிலையமும் சேர்ந்து, இத்தாலிய ஆசிரியர் பிராண்டெல்லோ மேடைக்கு எழுதிய ‘வாயில் மலருடைய மனிதன்’ என்னும் நாடகத்தை ஒளிபரப்பின. உதட்டிற் புற்றுநோய் கொண்ட ஒருவன், இரயிலைத் தவறவிட்ட வழிப்போக்கனோடு நள்ளிரவில் உரையாடுவதே கதை. அந்நோயே நாடகம் கூறும் மலர். நாள்கள் எண்ணப்பட்டுவிட்ட அம்மனிதனுக்கு, கடைப் பணியாளர் பொருளைத் தாளில் மடித்துக் கட்டுவதும் காணத்தக்க காட்சியாகிறது.

கருவியின் குறைகள் பல. உள்ளங்கையளவான படத்தில் 30 கோடுகளே இருந்தன, படம் நடுங்கிற்று. ஒரு வேளையில் ஒருவர் முகமே தெரியும். ஒருவர் பேசி முடித்ததும் கட்டமிட்ட பலகையைக் குறுக்கே நகர்த்தி மறைப்பர். அதற்குள் அடுத்தவர் அவ்விடத்தில் அமர்வார். பாத்திரங்களும் அசைவுகளும் குறைந்த நாடகமாதலின், அச்சிறு திரை அதனைத் தாங்கிற்று. லான்ஸ் சீவ்கிங் இயக்கினார். ஓவியர் நெவின்சன் பின்னணிக் காட்சிகளைத் தீட்டினார். பிரதமர் ராம்சே மக்டொனால்டும் தம் இல்லத்திலிருந்தே நாடகத்தைக் கண்டார்.

பெயர்டின் வெற்றி நெடுநாள் நிலைக்கவில்லை. 1936-ஆம் ஆண்டு நவம்பரில் பி.பி.சி. அவர் முறையையும், 405 கோடுகள் கொண்ட மின்னணு முறையையும் மாறி மாறிச் சோதித்தது. அம்மாத இறுதியில் கிரிஸ்டல் மாளிகையில் மூண்ட தீ, அவர் ஆய்வுக்கூடத்தை அழித்தது. 1937-ஆம் ஆண்டு பிப்ரவரியில் அவர் முறை கைவிடப்பட்டது. பெயர்டு மனந்தளர்ந்து அமரவில்லை. பிறர் கண்ட மின்னணு முறையையே தாமும் மேற்கொண்டு, 1944-ஆம் ஆண்டில் வண்ணப்படம் காட்டும் குழாயை உருவாக்கினார். 1946-ஆம் ஆண்டு ஜூன் 14-ஆம் நாள் மறைந்தார்.

சுழலும் தகடு இன்று காட்சியகப் பொருளாகிவிட்டது. ஆயினும், கருவி நிறைவு பெறும்வரை காத்திராமல், குறையுள்ள சிறு திரையிலேயே நாடகத்தை ஏற்றிக் காட்டிய துணிவு வீண்போகவில்லை. இன்று இல்லந்தோறும் காணும் நாடகங்களுக்கு, நடுங்கிய அந்த முகங்களே முன்னோடிகள்.