மர இறக்கை விமானம் விழுந்தது... விமானப் பயணமே மாறியது! யார் இந்த நூட் ராக்னி?

அமெரிக்காவில் ஃபுட்பால்னு சொன்னா நம்ம ஊர் கால்பந்து இல்லை. முட்டை வடிவப் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடும் ஆட்டம். அதன் தலைசிறந்த பயிற்சியாளர்கள் பட்டியலில் இன்றைக்கும் தவறாமல் வரும் பெயர், நூட் ராக்னி. ஆனா அவருடைய மரணம், அந்த ஆட்டத்தையே பார்க்காதவர்களின் உயிரையும் காத்தது. எப்படி?

தபால் வேலையில் இருந்து கல்லூரிக்கு

1888-ல் நார்வேயின் வோஸ் ஊரில் பிறந்தவர் ராக்னி. 5 வயதில் குடும்பத்தோடு சிகாகோ வந்தார். சில ஆண்டுகள் தபால் துறையில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, 22 வயதில்தான் இண்டியானாவின் நோட்ர டாம் கல்லூரியில் சேர்ந்தார்.

பெயர் வாங்கித் தந்த ஆட்டம்

பந்தை முன்னோக்கி எறியலாம் என 1906-லேயே விதி வந்துவிட்டது. ஆனா பல அணிகள் அதைப் பெரிதாக நம்பவில்லை. 1913 கோடையில் ஓஹியோவின் சீடர் பாயின்ட்டில் வேலை பார்த்தபடியே, ராக்னியும் நண்பர் கஸ் டோரைஸும் கரையோரத்தில் எறிந்து, பிடித்துப் பழகினார்கள். அந்த நவம்பரில் பலம் வாய்ந்த ராணுவ அகாடமி அணி 35-13 எனத் தோற்றது. இந்த உத்தியைக் கண்டுபிடித்தவர்கள் இவர்கள் இல்லை. அதை நாடே திரும்பிப் பார்க்க வைத்தவர்கள்!

ஆய்வகமும் மைதானமும்

1914-ல் பட்டம் பெற்றவர், அதே கல்லூரியில் வேதியியல் கற்பித்துக்கொண்டே உதவிப் பயிற்சியாளர் ஆனார். 1918-ல் தலைமைப் பயிற்சியாளர். 13 சீசன்களில் 105 வெற்றி, 12 தோல்வி, 5 டிரா. 1924, 1929, 1930-ல் தேசிய சாம்பியன் பட்டம். அதிகம் அறியப்படாத கத்தோலிக்கக் கல்லூரி, நாடறிந்த பெயரானது.

அந்தக் கடைசிப் பயணம்

1931 மார்ச் 31. சினிமா வேலைக்காக லாஸ் ஏஞ்சல்ஸ் கிளம்பினார். கேன்சஸ் மாநிலத்தின் பஸார் அருகே விமானத்தின் இறக்கை நடுவானில் முறிந்தது. 8 பேரும் பலி. ராக்னிக்கு வயது 43.

இறக்கை மரத்தால் ஆனது. ஈரம் இறங்கி, பசை விட்டுப்போயிருந்தது. அப்போதெல்லாம் விபத்து விசாரணை விவரங்கள் வெளியே வராது. ஆனா செத்தது ராக்னி ஆச்சே! மக்கள் கேள்வி கேட்டார்கள், அரசு பதில் சொல்ல வேண்டியதாயிற்று. அந்த ரக விமானங்கள் தரையிறக்கிச் சோதிக்கப்பட்டன. முழு உலோக விமானங்களின் வருகை வேகமெடுத்தது.

இன்று நாம் ஏறும் விமானத்தில் மர இறக்கை இல்லை. அந்த மாற்றத்தின் பின்னால் இந்த 8 உயிர்களும் இருக்கின்றன.