பனிமலையில் ஒரு சுவிசேஷ சாது



நம்ம பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் பனி என்றால் மார்கழிக் காலையில் பருத்திச் செடியில் நிற்கும் ஈரம்தான். வெயில் ஏறினால் போயிடும். இமயமலைப் பனி அப்படியல்ல. இறுகிய பழைய பனியின்மேல் புதுப்பனி சரியாக ஒட்டாமல் நிற்கும். வெயில் பட்டு இளகினால் மொத்தமாய்ச் சரிந்து ஆட்களை மூடிவிடும். 2016-ல் சியாச்சினில் பனிச்சரிவில் சிக்கி 10 ராணுவ வீரர்கள் மரித்தார்கள். நம்ம தமிழ்நாட்டுப் பிள்ளைகளும் அதில் உண்டு. அப்படிப்பட்ட மலைகளைத்தான் சாது சுந்தர்சிங் வெறுங்காலோடு கடந்தார்.

அவர் 1889-ல் பஞ்சாபில் ராம்பூரில் சீக்கியக் குடும்பத்தில் பிறந்தார். தாயை இழந்த துக்கத்தில் வேதாகமத்தையே எரித்தவர். 1904 டிசம்பர் 18 விடியற்காலையில், சமாதானம் கிடைக்காவிட்டால் ரயிலில் விழுந்து சாவது என்ற முடிவோடு ஜெபித்தபோது இயேசு அவருக்குத் தரிசனமானார். அல்லேலூயா! வீட்டார் தள்ளிவிட்டார்கள். 1905-ல் தன் 16-வது பிறந்தநாளில் சிம்லாவில் ஞானஸ்நானம் பெற்றார். காவி உடுத்தி, 1908-ல் முதல்முறை திபெத்துக்குப் போனார். 1918-ல் நம்ம தமிழ்நாட்டுக்கும் வந்து பிரசங்கித்தார்.

அவர் கூட்டங்களில் சொன்ன ஒரு சம்பவத்தை நான் சபையில் அடிக்கடி சொல்வதுண்டு. கடும் பனிப்புயலில் அவரும் ஒரு திபெத்தியரும் நடந்து போனார்கள். வழியில் ஒருவன் சரிவில் விழுந்து கிடந்தான். நின்றால் நாமும் சாவோம் என்று கூட வந்தவர் வேகமாய்ப் போய்விட்டார். சாதுவோ இறங்கி, அவனை முதுகில் சுமந்தார். சுமந்த பாரத்தில் உடம்பு சூடேறியது. அந்தச் சூட்டில் விழுந்தவனும் பிழைத்தான். கொஞ்ச தூரத்தில், முன்னே போனவர் பனியில் விறைத்துச் செத்துக் கிடந்தார்!

1929 ஏப்ரலில், உடல்நலம் குன்றியிருந்தும், சிம்லா அருகே சபாத்துவிலிருந்து மறுபடியும் திபெத்துக்குப் புறப்பட்டார். வயது 39. திரும்பி வரவில்லை. தேடிப் போனவர்களுக்கு உடலும் கிடைக்கவில்லை.

தேவ பிள்ளையே, நம்ம ஊரில் பனிச்சரிவு இல்லை. ஆனா குடியிலும் கடனிலும் சரிந்து கிடக்கிற சகோதரர் நம்ம தெருவிலேயே இருக்கிறார். ஆராதனைக்கு நேரமாச்சு என்று அவரைத் தாண்டிப் போகிறோமா? எழுப்புதல் கேட்டு ராமுழுக்க ஜெபிக்கிறோம். சுமக்கிற முதுகில்தான் சூடு உண்டாகும். இந்த வாரம் ஒருவரையாவது போய்ப் பாருங்கள், கையைப் பிடித்துக் கூட்டி வாருங்கள். அவரும் பிழைப்பார், நம்ம ஆத்துமாவும் குளிர்ந்து போகாது. ஆமென்.