கிராமத்தின் கணக்கை எழுதியவர்

நம் பல்கலைக்கழகங்களின் பொருளாதாரப் பாடத்திட்டத்தில் ஜே.சி. குமரப்பாவுக்குக் கிடைத்திருக்கும் இடம் மிகச் சிறியது. காந்தியப் பொருளாதாரம் என்ற தலைப்பின் கீழ், கைராட்டைக்கும் அறங்காவலர் கோட்பாட்டுக்கும் அடுத்தபடியாக, ஐந்து மதிப்பெண் வினா ஒன்றுக்குப் போதுமான அளவில் அவர் வந்துபோவார். பல ஆண்டுகள் பொது நிதியியல் கற்பித்தவன் என்ற முறையில் இந்த ஏற்பாடு எனக்கு உறுத்தலாகவே இருந்துவந்திருக்கிறது. அவரை வைக்க வேண்டிய இடம் பொது நிதியியல்தான். மக்களிடமிருந்து எடுக்கப்படும் பணம் எங்கே போகிறது, அதை முடிவு செய்பவர் யார், கணக்குக் கேட்பவர் யார் என்னும் கேள்விகளோடுதான் அவர் கிராமத்துக்குள் நுழைந்தார். கதரும் குடிசையும் அதற்குப் பின்பு வந்தவை.

1892 ஜனவரி 4 அன்று தஞ்சாவூரில், வசதியான தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பமொன்றில் பிறந்தவர் ஜோசப் செல்லதுரை கொர்னேலியஸ். தந்தை பொதுப்பணித் துறை அதிகாரி. சென்னையில் படிப்பு, பிறகு லண்டனில் கணக்காளர் தகுதி, முதல் உலகப் போருக்குப் பின் பம்பாயில் தணிக்கைத் தொழில். உடை, உணவு, பேச்சு எல்லாவற்றிலும் மேனாட்டு முறையைப் பின்பற்றிய அந்த இளைஞர், முப்பத்தைந்து வயதில் எல்லாவற்றையும் ஒதுக்கிவைத்துவிட்டு அமெரிக்காவுக்குப் படிக்கப் போனார். சிராக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் பயின்றபின் கொலம்பியாவில் சேர்ந்தார். அங்கே அவருக்கு ஆசிரியராக வாய்த்தவர், அக்காலப் பொது நிதியியலின் முன்னணி அறிஞர்களுள் ஒருவரான எட்வின் செலிக்மன்.

இந்தியா ஏன் வறுமையில் இருக்கிறது என்பது பற்றிக் குமரப்பா அங்கே ஒரு தேவாலயத்தில் உரையாற்ற, அது நாளிதழில் செய்தியாக வந்தது. அதைப் படித்த செலிக்மன், அதையே ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொள்ளத் தூண்டினார். அரசின் வரவு செலவு ஆவணங்களைக் கொண்டு குமரப்பா எழுதிய ஆய்வேட்டின் சாரம் எளிமையானது. வரிச்சுமையின் அளவு ஒருபுறம் இருக்கட்டும், வரிப்பணம் எதற்குச் செலவாகிறது என்பதே முக்கியம். ராணுவத்துக்கும் கடன் வட்டிக்கும் நிர்வாகச் சம்பளத்துக்கும் போய்விடும் பணம், அதைக் கொடுத்த உழவனிடம் பாசனமாகவோ பள்ளிக்கூடமாகவோ திரும்பி வரவில்லை. ஆங்கில ஆட்சியின்மீது அதுவரை கசப்பு எதுவும் இல்லாதிருந்த கணக்காளர் ஒருவரைத் தேசியவாதியாக்கியது இந்தப் பேரேடுதான் என்பது என் கணிப்பு.

1929-ல் இந்தியா திரும்பியபோது அந்த ஏட்டை வெளியிட வழி தேடி, மே மாதம் சபர்மதி ஆசிரமத்தில் காந்தியைச் சந்தித்தார். அதைத் தொடராக வெளியிட ஏற்றுக்கொண்ட காந்தி, கூடவே ஒரு வேலையும் கொடுத்தார். குஜராத் கிராமங்களுக்குள் போய் ஒரு பொருளாதார ஆய்வு நடத்த வேண்டும். மொழி தெரியாத, கோட்டு சூட்டு அணிந்த மனிதரால் இது ஆகுமா என்று அங்கிருந்தவர்கள் தயங்கியதில் வியப்பில்லை. ஏறத்தாழ அதே காலத்தில் அவர் கொர்னேலியஸ் என்ற பெயரை விடுத்துக் குமரப்பா என்ற குடும்பப் பெயரை ஏற்றார். கிறிஸ்தவராகவே இறுதிவரை வாழ்ந்தார்.

கேடா மாவட்டத்து மாத்தர் வட்டத்தில் குஜராத் வித்யாபீடத்தின் மாணவர்களோடு அவர் நடத்திய ஆய்வு 1931-ல் நூலாக வெளிவந்தது. இன்று கிராமப் பொருளாதார ஆய்வு என்றால் வினாநிரலும் மாதிரி எடுப்பும் இயல்பாக நினைவுக்கு வருகின்றன. அன்று ஒரு வட்டத்தின் ஐம்பதுக்கும் மேற்பட்ட கிராமங்களில் வீடு வீடாகச் சென்று, நிலம், மாடு, கடன், விளைச்சல், உழைப்பு அனைத்தையும் கணக்கிலேற்றுவது புதிய முயற்சி. ஒரு நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கையாளர் பார்ப்பதைப் போலவே அவர் உழவரின் குடும்பக் கணக்கைப் பார்த்தார். விதை, எரு, தீவனம், மாட்டின் தேய்மானம், வீட்டாரின் உழைப்பு ஆகியவற்றைச் செலவில் சேர்த்தபோது, பெருவாரியான குடும்பங்களுக்கு மிச்சம் என்று எதுவும் இல்லை. ஆயினும் நிலவரி தவறாமல் வசூலானது. உபரியின் மீது விழ வேண்டிய வரி உணவின் மீதும் கடனின் மீதும் விழுந்துகொண்டிருந்தது. வீட்டாரின் உழைப்புக்கு என்ன கூலி போடுவது என்ற விவாதம் இன்றைக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை நிர்ணயத்தில் தீராமல் இருக்கிறது.

சுதந்திரப் போராட்டத்தில் அவர் சிறை சென்ற ஆண்டுகளை இங்கே விரிக்கத் தேவையில்லை. ஆனால் 1934-ன் பீகார் நிலநடுக்க நிவாரணப் பணியைக் கடந்துபோக முடியவில்லை. நிவாரண நிதியின் கணக்குகள் அவர் பொறுப்பில் இருந்தன. தொண்டர்களின் நாளொன்றுக்கான உணவுச் செலவுக்கு மூன்றணா என்று வரம்பு கட்டினார். காந்தி தம் குழுவினரோடு அங்கு வந்தபோது, அந்தச் செலவையும் நிதியிலிருந்து கொடுக்க மறுத்துவிட்டார். காந்தி அதற்கு உடன்பட்டார். இச்சம்பவத்தை அவருடைய நேர்மைக்குச் சான்றாகச் சொல்வது வழக்கம். எனக்கு அது ஒரு நிர்வாகப் பாடமாகவும் படுகிறது. பொதுப்பணத்தின் வரம்பு ஆளைப் பார்த்து நெகிழுமானால், அது வரம்பாக நீடிக்காது.

அதே ஆண்டு டிசம்பரில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் தொடங்கப்பட்டபோது குமரப்பா அதன் செயலாளரானார். வார்தாவில் ஜம்னாலால் பஜாஜ் அளித்த தோட்டத்தில், மகன்வாடியில், அதன் தலைமையகம். எண்ணெய்ச் செக்கு, கைக்குத்தல் அரிசி, காகிதம், தேனீ வளர்ப்பு, பனைவெல்லம் என்று அங்கே நடந்த சோதனைகளைப் பழைமைப் பற்று என்று ஒதுக்கியவர்கள் உண்டு. ஒவ்வொன்றின் பின்னும் ஒரு கணக்கு இருந்தது. இறக்குமதியான மண்ணெண்ணெய்க்கு மாற்றாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கை உருவாக்கினார்கள். கிராமத்திலிருந்து வெளியேறும் காசை அந்தச் சிறு விளக்கு தடுத்து நிறுத்தும் என்பது எதிர்பார்ப்பு. நல்ல நஞ்சை நிலத்தைக் கரும்பு ஆலைக்குக் கொடுப்பதைவிட, வேறெதுவும் விளையாத தரிசில் நிற்கும் பனையிலிருந்தும் ஈச்சமரத்திலிருந்தும் வெல்லம் காய்ச்சினால் நஞ்சையில் தானியம் விளையும் என்றார். நம் தென்மாவட்டங்களில் கருப்பட்டி காய்ச்சும் குடும்பங்கள் அருகிவரும் இக்காலத்தில் அந்தக் கணக்கை ஒருமுறை மீண்டும் போட்டுப் பார்க்கலாம்.

இரண்டாம் உலகப் போரின்போது அரசு காகிதப் பணத்தை அச்சடித்து உழவரிடமிருந்து தானியத்தையும் பொருளையும் வாங்கிக் குவித்ததை, அப்பத்துக்குப் பதில் கல்லைக் கொடுக்கும் செயல் என்ற விவிலிய உருவகத்தில் கண்டித்து எழுதினார். மீண்டும் சிறை. ஜபல்பூர் சிறையில் எழுதிய ‘நிலைத்த பொருளாதாரம்’ 1945-ல் காந்தியின் முன்னுரையோடு வெளிவந்தது.

சூழலியல் பொருளாதாரம் என்ற துறை தோன்றுவதற்குப் பல பத்தாண்டுகள் முன்பே எழுதப்பட்ட நூல் இது. இயற்கையிலிருந்தே அதன் பகுப்புகள் அமைந்துள்ளன. ஆட்டைக் கொன்று தின்னும் புலி, தான் நட்டு வளர்க்காத மாந்தோப்பில் பழம் பறிக்கும் குரங்கு, தன் கூட்டைத் தானே கட்டும் பறவை, கூட்டத்துக்காகத் தேன் சேர்க்கும் தேனீ, கைம்மாறு கருதாமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை என ஐந்து வகைப் பொருளாதாரங்களை அவர் வரிசைப்படுத்துகிறார். அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது அவர் செய்த மற்றொரு பிரிவு. நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத் தாது போன்றவை எடுக்க எடுக்கக் குறையும் தேக்கம். காடும் ஆறும் விளைநிலமும் முறையாகப் பேணினால் தொடர்ந்து வரும் ஓட்டம். தேக்கத்தை நம்பி வாழும் சமுதாயங்கள் அதற்காகப் போரிட்டே தீரும் என்று, போரின் நடுவே சிறையிலிருந்து அவர் எழுதினார்.

வேளாண்மையில் அவர் கேட்ட முதல் கேள்வி, நிலம் யாருக்காக விளைகிறது என்பதே. ஒரு லட்சம் மக்கள் வாழும் பகுதியை ஓர் அலகாகக் கொண்டு, ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 2,860 கலோரி தரும் சமச்சீர் உணவுக்கு எவ்வளவு தானியம், பருப்பு, எண்ணெய் வித்து, காய்கறி வேண்டும், ஆடைக்கு எவ்வளவு பருத்தி வேண்டும் என்று கணக்கிட்டு, அதன்படி நிலத்தைப் பயிர்களுக்குப் பங்கிடச் சொன்னார். உள்ளூர்த் தேவை நிறைந்த பிறகே சந்தைக்கான பயிர். பல்நோக்குக் கூட்டுறவுச் சங்கம் தானிய வங்கியாக இயங்கி, விளைச்சலைச் சேமித்து, அரசுக்குரிய வரியைத் தானியமாகவே செலுத்தலாம் என்பதும் அவர் திட்டத்தின் ஒரு பகுதி. ரசாயன உரத்தை அவர் நம்பவில்லை. சாணம், தழை, கழிவு அனைத்தும் மட்கி நிலத்துக்கே திரும்ப வேண்டும் என்றார். மாட்டின் இடத்தில் டிராக்டரை நிறுத்த விரும்பியவர்களுக்கு, அந்த இயந்திரம் சாணம் போடாது என்பதை நினைவூட்டினார்.

இத்திட்டத்தில் எனக்கு ஐயங்கள் உண்டு. யார் எதைப் பயிரிடலாம் என்பதற்கு உரிமம் வழங்கும் அதிகாரம் ஓர் அமைப்பிடம் சேர்ந்துவிட்டால், அந்த அமைப்பைக் கட்டுப்படுத்துவது யார்? அறுபதுகளின் நடுவில் அடுத்தடுத்து வறட்சி வந்தபோது, மட்கிய உரத்தால் மட்டும் நாட்டின் பசியைத் தீர்த்திருக்க முடியும் என்றும் நான் கருதவில்லை. ஆனால் பின்னர் நாம் கண்ட மண்வளச் சரிவும் வற்றிய கிணறுகளும், அவர் கேட்ட கேள்வி எவ்வளவு சரியானது என்பதைக் காட்டிவிட்டன.

விடுதலைக்குப் பின் காங்கிரஸ் அமைத்த வேளாண் சீர்திருத்தக் குழுவுக்கு அவர் தலைவரானார். 1949-ல் வந்த அதன் அறிக்கை இன்றும் படிக்கத்தக்கது. உழுபவருக்கே நிலம்; இடைத்தரகர்கள் நீக்கம்; கைம்பெண்கள், சிறார், உடல் ஊனமுற்றோர் தவிர மற்றவர் நிலத்தைக் குத்தகைக்கு விடத் தடை. வயலில் குறைந்த அளவேனும் உடலுழைப்பைத் தராதவர் தம்மை உழவர் என்று சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு குடும்பத்துக்கும் ஒரு ஜோடி மாட்டுக்கும் முழு வேலையும் கௌரவமான வாழ்வும் தரும் அளவைப் பொருளாதார உடைமை என்று வரையறுத்து, அதைப்போல் மூன்று மடங்கை உச்சவரம்பாகப் பரிந்துரைத்தது குழு. மிகச் சிறிய உடைமைகள் கூட்டுப் பண்ணைகளாக இணைய வேண்டும் என்றது. நிலத்தைக் கையில் வைத்திருந்தவர்களே சட்டமன்றங்களிலும் செல்வாக்கோடு இருந்த காலம் அது. அறிக்கைக்குக் கிடைத்த வரவேற்பை ஊகிப்பது கடினமன்று. தமிழ்நாட்டின் நில உச்சவரம்புச் சட்டம் 1961-ல்தான் வந்தது, அதுவும் 30 தரநிலை ஏக்கரில். அது 15 ஆகக் குறைய 1970 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

ஊராட்சிக்கும் ஏறத்தாழ இதே கதிதான். அரசமைப்புச் சட்டத்தின் வரைவில் ஊராட்சிக்கே இடம் இருக்கவில்லை. 1948 நவம்பரில் கே. சந்தானம் கொண்டுவந்த திருத்தத்தால் அது வழிகாட்டு நெறிகளில் ஒன்றாக மட்டும் இடம்பெற்றது. அதே மாதம் அம்பேத்கர், கிராமத்தைக் குறுகிய மனமும் அறியாமையும் வகுப்புணர்வும் குடிகொண்ட இடமாகக் கண்டு, அதைக் குடியரசின் அலகாக ஏற்க மறுத்தார். குமரப்பாவை வியந்து எழுதுபவர்கள் இந்தக் குரலுக்குப் பதில் சொல்லாமல் கடந்துவிடுகிறார்கள். அது முறையன்று. உற்பத்தியையும் பணத்தையும் பற்றி அவ்வளவு நுட்பமாகச் சிந்தித்தவர், ஊர்க்கூட்டத்தில் யார் நிற்க வேண்டும், யார் உட்காரலாம் என்பதைச் சாதி முடிவு செய்யும் என்பதற்குப் போதிய எடை கொடுக்கவில்லை. மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997-ல் வெட்டிக் கொல்லப்பட்டார். பாப்பாபட்டியிலும் கீரிப்பட்டியிலும் நாட்டார்மங்கலத்திலும் 1996 தொடங்கிப் பத்தாண்டுகள் தனித்தொகுதி ஊராட்சித் தேர்தலை முறையாக நடத்த முடியவில்லை. இவை அனைத்தும் குமரப்பா தம் கடைசி ஆண்டுகளைக் கழித்த அதே மதுரை மாவட்டத்து ஊர்கள்.

எனினும் அம்பேத்கரின் விமர்சனத்தை வைத்துக்கொண்டு கிராமத்திடமிருந்து அதிகாரத்தை எடுத்துச் சென்றவர்கள், அதை ஒடுக்கப்பட்டவர்களிடம் கொடுத்துவிடவில்லை. அது கோட்டைக்கும் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்துக்கும் போனது. இட ஒதுக்கீட்டோடு கூடிய ஊராட்சிக்கு 73-வது திருத்தம் வழி செய்தது. நாடாளுமன்றம் அதை நிறைவேற்றிய 1992, குமரப்பாவின் நூற்றாண்டு. பதினோராவது அட்டவணை 29 பொருள்களை ஊராட்சிகளுக்கு உரியவையாகப் பட்டியலிடுகிறது, முதலாவது வேளாண்மை. ஆனால் அவற்றில் எவற்றை, எந்த அளவு ஒப்படைப்பது என்பதை மாநிலச் சட்டமன்றத்தின் விருப்பத்துக்கு விட்டிருக்கிறது. நம் ஊராட்சித் தலைவர் ஒருவருக்குத் தெருவிளக்கையும் குடிநீர்க் குழாயையும் பற்றி முடிவெடுக்க முடிகிறது. தம் ஊர் ஏரியின் மடை எப்போது திறக்கப்படும் என்பதிலும், தம் ஊருக்கு எந்த விதை வரும் என்பதிலும் அவருக்குப் பெரும்பாலும் சொல் இல்லை.

1951-ல் சீனாவையும் ஜப்பானையும் பார்த்துவிட்டு வந்த குமரப்பா, சீன நிலச்சீர்திருத்தத்தின் வேகத்தை வியந்து பேசினார். வார்தாவுக்கு அருகே சேல்டோ கிராமத்தில் பண்ணை ஆசிரமம் அமைத்துத் தம் வேளாண் கருத்துகளைத் தாமே செய்து பார்த்தார். உடல்நலம் குன்றவே, கோ. வேங்கடாசலபதி நிறுவிய தே. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்துக்கு வந்து ஒரு சிறு குடிலில் தங்கினார். அங்கே அவர் அறையில் ஏழை உழவர் ஒருவரின் படம் இருந்தது. வந்தவர்கள் கேட்டால், தம் குருவுக்கும் குரு அவர் என்று விளக்குவாராம். 1960 ஜனவரி 30 அன்று, காந்தி கொல்லப்பட்ட அதே தேதியில், சென்னையில் காலமானார்.

தமிழ்நாட்டில் 12,000-க்கும் மேற்பட்ட கிராம ஊராட்சிகள் உள்ளன. ஆண்டுதோறும் ஜனவரி 26-ல் கூடும் கிராமசபையில் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. அந்தக் காகிதத்தில் பணம் மட்டும் இருக்கிறது. சென்ற ஆண்டு ஊரில் என்ன விளைந்தது, எவ்வளவு வெளியே போனது, உண்பதற்கு எதை வெளியிலிருந்து வாங்கினோம், ஏரியில் எத்தனை மாதம் நீர் நின்றது, நிலமற்ற குடும்பங்களுக்கு எத்தனை நாள் வேலை கிடைத்தது என்ற இன்னொரு பக்கத்தையும் சேர்த்து வாசிக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவைப்படாது. ஊரில் பட்டம் பெற்ற இரண்டு பிள்ளைகளும், நிலமற்றவர்களின் தெருவிலிருந்து இரண்டு பெண்களும் ஒரு மாதம் உட்கார்ந்தால் எழுதி முடித்துவிடலாம். மாத்தர் வட்டத்தில் மொழி தெரியாத ஒருவர் மாணவர்களை வைத்துக்கொண்டு செய்த வேலைதான் இது.