சேர் கந்தையா வைத்தியநாதன்: பதவியும் திருப்பணியும்

சுதந்திர இலங்கையின் முதற் பத்தாண்டுகளில் அரசின் உயர்பதவிகளில் அமர்ந்த தமிழரும் முஸ்லிம்களும் ஒருசிலரல்லர். அவர்களுள் பெரும்பாலோரின் பெயர்கள் இன்று பழைய வர்த்தமானிகளிலும் பாராளுமன்ற அறிக்கைகளிலுமே உறங்குகின்றன. சேர் கந்தையா வைத்தியநாதனின் பெயர் அவ்வாறு உறங்கவில்லை. செயலாளராகவும் செனற்றராகவும் அமைச்சராகவும் விளங்கியவர் அவர். ஆயினும் மக்கள் அவரை நினைவுகூர்வது அப்பதவிகளுக்காக அன்று. மன்னார்ப் பெருநிலத்தின் கரையில் காடு மூடிக் கிடந்த ஒரு தலத்தைத் திரும்பக் கட்டியெழுப்ப முன்னின்றமைக்காகவே. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை எண்ணிப் பார்ப்பது, சிறுபான்மை மக்களின் அரசியலைப் பற்றிச் சிந்திக்கும் எவருக்கும் பயன் தரும்.

1896ஆம் ஆண்டு பிறந்த வைத்தியநாதன், ஆங்கிலக் கல்வியின் வழியாக நிருவாக சேவையில் நுழைந்து படிப்படியாக உயர்ந்த தமிழ்த் தலைமுறையைச் சேர்ந்தவர். அத்தலைமுறைக்குச் சில உறுதியான நம்பிக்கைகள் இருந்தன. திறமைக்கு இடமுண்டு, சட்டம் எல்லாருக்கும் பொது, கொழும்பிலே ஆசனம் கிடைத்தால் ஊருக்கும் நியாயம் கிடைக்கும் என்பன அவை. குடியேற்ற ஆட்சியின் இறுதிக் காலத்தில் இந்நம்பிக்கைக்கு ஓரளவு ஆதாரமும் இருந்தது. இந்நிலையிலேயே 1948 பெப்ரவரி 4ஆம் திகதி நாடு சுதந்திரம் பெற்றது.

முதற் பிரதமர் டி.எஸ். சேனாநாயக்க பாதுகாப்பு, வெளிவிவகார அமைச்சைத் தம் கையிலேயே வைத்திருந்தார். அவ்வமைச்சின் நிரந்தரச் செயலாளர் பொறுப்பு வைத்தியநாதனிடம் ஒப்படைக்கப்பட்டது. குடியேற்ற நாடாக இருந்த வரையில் இலங்கைக்கெனத் தனியான வெளிவிவகாரமும் இல்லை, முழுமையான படையும் இல்லை. எனவே அவ்வமைச்சு அடித்தளத்திலிருந்தே எழுப்பப்பட வேண்டியிருந்தது. இலண்டன், புதுடில்லி, வாஷிங்டன் ஆகிய தலைநகரங்களில் தூதரகங்கள் நிறுவப்பட்டன. 1950 ஜனவரியில் பொதுநலவாய வெளிநாட்டமைச்சர் மாநாடு கொழும்பிலே கூடி, பின்னர் கொழும்புத் திட்டமாக விரிந்த யோசனைக்கு வித்திட்டது. 1949இல் இராணுவமும், 1950இல் கடற்படையும், 1951இல் விமானப்படையும் சட்டப்படி தோற்றம் பெற்றன. இலங்கையின் முப்படைகளும் பிறந்த வேளையில் அவற்றுக்குரிய அமைச்சின் தலைமை அதிகாரியாக ஒரு தமிழர் அமர்ந்திருந்தார் என்பதை இன்றைய இளைஞர் பலர் நம்பத் தயங்கலாம். ஆயினும் அது வரலாறு.

அதே அமைச்சின் மேசைக்கு வந்த மற்றொரு பொறுப்பைச் சொல்லாமல் இவ்வரலாற்றை நிறைவாகச் சொல்லிவிட முடியாது. அது குடியுரிமைப் பிரச்சினையாகும்.

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்க இலங்கைக் குடியுரிமைச் சட்டம், பிறப்பால் மட்டுமன்றித் தந்தையின் பிறப்பாலும் உரிமையை நிறுவுமாறு கேட்டது. தோட்டங்களிலே பிறப்புப் பதிவுகள் ஒழுங்காகப் பேணப்படாத காலம் அது. தேயிலைக்கும் இறப்பருக்கும் உழைத்த குடும்பங்களால் இச்சான்றை முன்வைக்க இயலவில்லை. அடுத்து வந்த 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், குறித்த ஆண்டுகள் இடையறாது வதிந்தமைக்கு ஆதாரம் கேட்டது. அதே ஆண்டு தேர்தற் சட்டமும் திருத்தப்பட்டது. 1946ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி ஏழு இலட்சத்து எண்பதாயிரமாக இருந்த மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் வாக்குரிமை இழந்தனர். 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய அச்சமூகத்துக்கு 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் ஓர் ஆசனந்தானும் இல்லை. எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோரின் பெயரால் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. அவர்களுள் 1964 அளவில் குடியுரிமை பெற்றவர்கள் ஏறத்தாழ ஒரு இலட்சத்து முப்பத்துநாலாயிரம் பேர் மாத்திரமே. இச்சட்டங்கள் தோட்டத் தொழிலாளரை மட்டும் தொடவில்லை. தென்னிந்தியக் கரையிலிருந்து வந்து வணிகம் செய்துகொண்டிருந்த இந்தியச் சோனகரும் அவற்றின் பிடிக்குள் வந்தனர் என்பதை முஸ்லிம் வாசகர்கள் அறிவர்.

இவை அமைச்சரவையின் கொள்கையால் உருவான சட்டங்கள். ஓர் அதிகாரியின் விருப்பத்தால் உருவானவை அல்ல. நிரந்தரச் செயலாளரின் கடமை அரசின் தீர்மானத்தை நடைமுறைப்படுத்துவதே. அன்றைய அமைச்சரவையிலும் தமிழர் இருந்தனர், முஸ்லிம் இருந்தார். மன்னார்த் தொகுதியின் முதற் பாராளுமன்ற உறுப்பினரான சி. சிற்றம்பலம் தபால், தந்திப் போக்குவரத்து அமைச்சராகவும், டி.பி. ஜாயா தொழில், சமூக சேவை அமைச்சராகவும் அமர்ந்திருந்தனர். 1948இல் ஜி.ஜி. பொன்னம்பலமும் அவ்வரிசையிற் சேர்ந்துகொண்டார். ஆதலால் ஒரு செயலாளரின் தலையில் மட்டும் பழியைச் சுமத்துவது நீதியாகாது. அதேவேளை, அரசின் மிக முக்கியமான ஓர் அமைச்சின் தலைமை அதிகாரி தமிழராயிருந்தும் தமிழ் பேசும் உழைப்பாளர் இலட்சக்கணக்கில் நாடற்றவராயினர் என்ற உண்மையையும் மறைக்க வேண்டியதில்லை. பதவி வேறு, பாதுகாப்பு வேறு என்ற பாடம் அங்கேயே எழுதப்பட்டுவிட்டது. அப்பாடத்தை உடனே படித்தவர்களும் இருந்தனர். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் காங்கிரசிலிருந்து பிரிந்து 1949 டிசெம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடக்கினார்.

அரச சேவையின் பின் வைத்தியநாதன் அரசியலுக்கு வந்தார். மக்களின் நேரடி வாக்கால் வரும் இருக்கையன்று அவருக்குக் கிடைத்தது. செனற் சபை உறுப்புரிமையே கிடைத்தது. முப்பது உறுப்பினர் கொண்ட அச்சபையில் பாதிப் பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவுசெய்தது; மறுபாதியை மகாதேசாதிபதி நியமித்தார். 1953 ஓகஸ்ட் ஹர்த்தாலைத் தொடர்ந்து டட்லி சேனாநாயக்க பதவி துறக்க, ஜோன் கொத்தலாவலை பிரதமரானார். பொன்னம்பலம் புதிய அமைச்சரவையில் இடம்பெறவில்லை. அவ்வரசில் வைத்தியநாதன் வீடமைப்பு, சமூக சேவை அமைச்சராகப் பணியாற்றினார். நகரத்து ஏழைகளின் குடியிருப்பும், ஆதரவற்றோரின் உதவிப் பணமும் அந்த அமைச்சின் விடயங்களாகும்.

அவ்வமைச்சரவையின் முடிவு யாவரும் அறிந்ததே. 1954இல் யாழ்ப்பாணத்துக்கு வந்த பிரதமர் இரு மொழிகளுக்கும் சம உரிமை என்று உறுதி கூறினார். தெற்கிலே எதிர்ப்பு எழுந்ததும் அவ்வுறுதி தளர்ந்தது. 1956 பெப்ரவரியில் களனியிலே கூடிய ஐக்கிய தேசியக் கட்சி மாநாடு சிங்களம் மட்டும் என்ற தீர்மானத்தை ஏற்றது. ஏப்ரல் தேர்தலில் அக்கட்சி எட்டு ஆசனங்களாகச் சுருங்கியது. மன்னாரில் ஒன்பது ஆண்டுகள் உறுப்பினராயிருந்த சிற்றம்பலம் தோல்வியுற, தமிழரசுக் கட்சியின் வி.ஏ. அழகக்கோன் வென்றார். அமைச்சரவை ஆசனம் தமிழருக்கு அரண் என்ற கொள்கையை வாக்காளர் நிராகரித்தனர் என்பதே அதன் பொருள். வைத்தியநாதனின் அமைச்சுப் பதவியும் அவ்வரசோடு முடிவுற்றது.

இப்பதவிகள் அனைத்துக்கும் இணையாக ஒரு பணி நடந்துகொண்டிருந்தது. பதவி போன பின்னும் நின்றுபோகாத பணி அது.

திருக்கேதீஸ்வரம் திருஞானசம்பந்தரும் சுந்தரரும் பாடிய தலம். பாலாவி தீர்த்தக் கரையிலே, மாதோட்டத் துறைமுகத்தை ஒட்டி அது அமைந்திருந்தது. சோழர் காலத்தில் இராசராசபுரம் என்றும் பெயர் பெற்றிருந்த மாதோட்டம், கீழ்த்திசைக்கும் மேற்றிசைக்கும் இடைப்பட்ட பெருஞ்சந்தையாகும். 1980ஆம் ஆண்டு தொடக்கம் ஜோன் காஸ்வெல் தலைமையில் மாந்தையில் நடந்த அகழ்வுகளில் சீனத்து மட்பாண்டங்களும் பாரசீக வளைகுடாப் பகுதி மட்பாண்டங்களும் ஒரே மண்ணிலிருந்து வெளிப்பட்டன. தமிழ் வணிகரும் அராபிய, பாரசீக வணிகரும் ஒரே துறையில் சரக்கு இறக்கிய நூற்றாண்டுகளின் சான்று அது. சைவருக்கு மட்டுமன்றி, இக்கரையோடு தம் முன்னோரின் வரலாற்றைப் பிணைத்துக் காணும் முஸ்லிம்களுக்கும் அந்த மண் அந்நியமானதன்று.

போர்த்துக்கேயர் காலத்தில் கோயில் இடிக்கப்பட்டது. அதன் கற்கள் மன்னார்க் கோட்டைக்குச் சென்றன என்பது வழிவழி வந்த செய்தி. மூன்று நூற்றாண்டுகள் அத்தலம் காட்டினுள் மறைந்து கிடந்தது. 1872இல் யாழ்ப்பாணத்து நல்லூர் ஆறுமுக நாவலர் அதனை மீட்குமாறு சைவ மக்களுக்கு வேண்டுகோள் விடுத்தார். நாவலர் 1879இல் மறைந்தார். அவர் எண்ணம் மறையவில்லை. அந்நூற்றாண்டின் இறுதிப் பத்தாண்டில் சைவர்கள் அந்நிலத்தை அரசிடமிருந்து விலைகொடுத்துப் பெற்றனர். மண்ணுள் புதைந்திருந்த பழைய சிவலிங்கமும் கிடைத்தது. நாட்டுக்கோட்டை நகரத்தாரின் துணையோடு சிறு கோயில் ஒன்று எழுந்தது. ஆயினும் தலத்தின் பெருமைக்கு ஏற்ற திருப்பணி நெடுங்காலம் நிறைவேறாமலே இருந்தது.

அக்குறையை நீக்கவே 1948இல் திருக்கேதீஸ்வர ஆலயத் திருப்பணிச் சபை தோன்றியது. நாடு சுதந்திரம் பெற்ற அதே ஆண்டு அது. அச்சபையின் தலைமைப் பொறுப்பை ஏற்றவர் வைத்தியநாதன். நிருவாகத்தில் பெற்ற பயிற்சி முழுவதையும் அவர் இங்கே பயன்படுத்தினார். வரைபடம், மதிப்பீடு, நன்கொடை, கணக்கு, சிற்பிகள், கற்கள் என ஒரு பெருங்கோயிலுக்கு வேண்டியவை பல. இது அரசாங்கத் திட்டமன்று. கொழும்பு வணிகரும் யாழ்ப்பாணத்துச் சாதாரண குடும்பங்களும் கொடுத்ததைக் கொண்டே வளர்ந்த பணி. தலத்தின் தொன்மையை விளக்கும் ஆய்வுக் கட்டுரைகளையும் தொகுத்து ஆங்கில நூலாக வெளியிட்டார். கோயிலைக் கட்டினாற் போதாது, அதன் வரலாற்றையும் ஆவணப்படுத்த வேண்டும் என்ற உணர்வு கோப்புகளோடு பழகியவருக்கு இயல்பாகவே இருந்தது. 1960இல் குடமுழுக்கு நடந்தது. 1955இல் உருவான அகில இலங்கை இந்து மாமன்றத்தின் தொடக்க ஆண்டுகளிலும் அவரின் தலைமை பயன்பட்டது.

1965இல் அவர் காலமானார். அதற்கு முந்திய ஆண்டு ஒக்ரோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தாகியிருந்தது. அவ்வொப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கு அனுப்புவதெனத் தீர்மானித்தது. பின்வந்த ஆண்டுகளில் மலையகத்துக் குடும்பங்கள் தகரப் பெட்டிகளோடும் குழந்தைகளோடும் தலைமன்னார் இறங்குதுறைக்கு இரயிலேறிச் சென்றன. மதவாச்சியிலிருந்து வரும் அப்பாதை மாந்தையைக் கடந்தே மன்னார்த் தீவுக்குள் நுழைகிறது. அவர் எழுப்பிய கோயிலின் அயலாகவே அவ்வண்டிகள் சென்றன. அவர் பணியாற்றிய அமைச்சின் கோப்புகளிலே தொடங்கிய துயரமும், அவர் உள்ளம் தோய்ந்த திருப்பணியும் ஒரே வழியில் சந்தித்த காட்சி அது. இதனை அவரைக் குறைத்துக் கூறுவதற்காக எழுதவில்லை. ஒரு தலைமுறையின் சாதனையும் இயலாமையும் ஒருங்கே தெரியும் இடம் அதுவென்பதாலேயே எழுதுகிறோம்.

1976இல் மீண்டும் பெருங்குடமுழுக்கு நிகழ்ந்தது. அதன் பின்னர் வந்தது யுத்தம். 1990இல் கோயிற் சூழல் இராணுவத்தின் கட்டுப்பாட்டுக்குள் வர, அயலிலிருந்த மக்கள் இடம்பெயர்ந்தனர். அதே ஆண்டு ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றினர். எருக்கலம்பிட்டி முதல் முசலி வரை மன்னார் மாவட்டத்தின் முஸ்லிம் ஊர்கள் வெறுமையாகின. கடல்வழியே கற்பிட்டிக்கும் புத்தளத்துக்கும் சென்ற அம்மக்கள் நெடுங்காலம் அகதிகளாயினர். ஒரே ஆண்டில் ஒரே மாவட்டத்தில், சைவர் தம் தலத்தை அணுக முடியாதவராயினர். முஸ்லிம்கள் தம் பள்ளிவாசல்களையும் வீடுகளையும் விட்டுச் சென்றனர். அனுபவித்தவர்களுக்கு இவ்விரு துயரங்களும் ஒன்றையொன்று விளங்கிக்கொள்ளத் துணைசெய்ய வேண்டும், போட்டியிட வைக்கலாகாது.

2002ஆம் ஆண்டுப் போர்நிறுத்தத்தின் பின் அடியார்கள் மெல்லத் திரும்பினர். யுத்தம் முடிந்த பின் இந்திய அரசின் உதவியோடு புதிய கருங்கற்றிருப்பணி நடந்து, 2022 யூலையில் குடமுழுக்கு நிறைவேறியது. வைத்தியநாதன் அமர்ந்த செனற் சபை 1971இலேயே ஒழிக்கப்பட்டுவிட்டது. அவர் அதிகாரியாயிருந்த அமைச்சு பெயரும் வடிவும் மாறிப்போயிற்று. அவர் பொதுமக்களோடு சேர்ந்து தொடக்கிய பணியோ யுத்தத்தையும் கடந்து தொடர்கிறது.

இதிலிருந்து சிறுபான்மைச் சமூகங்கள் பெறவேண்டிய படிப்பினை எளியது. மேலிருந்து வழங்கப்படும் பதவி, வழங்கியவரின் தயவு உள்ளவரையே நிற்கும். சட்டத்திலே எழுதப்பட்ட உரிமையும், மக்கள் தம் கைப்பொருளால் வளர்க்கும் நிறுவனங்களுமே தலைமுறைகளைக் காக்கும். கொழும்பில் ஓர் அமைச்சர் பதவி கிடைத்ததையே சமூகத்தின் வெற்றியாகக் கொண்டாடும் வழக்கம் தமிழரிடையேயும் முஸ்லிம்களிடையேயும் இன்றும் மறையவில்லை. அவ்வாறு கொண்டாடுமுன், ஆற்றலும் நேர்மையும் நிறைந்த ஒரு மனிதர் அரசின் உயர்ந்த அமைச்சொன்றில் இருந்தும் எதைத் தடுக்க முடியாமற் போயிற்று என்பதை ஒருகணம் எண்ணிப் பார்ப்பது நன்று. சிவராத்திரி நாளில் பாலாவி நீரைக் குடத்தில் முகந்து மகாலிங்கத்துக்கு வார்க்கச் செல்லும் அடியாரின் நீண்ட வரிசையைப் பார்த்தால், அவரால் எதைச் செய்ய முடிந்தது என்பதும் தெரியும்.